ஐந்து நிமிடத்தில் தொடங்கிய நெடும்பயணம்

நோயாளிகளின் சிகிச்சைக்கு நிதி திரட்டுவது போன்ற நல்ல காரியங்களுக்காகப் பல நாட்கள் தொடர்ந்து சைக்கிளில் பயணம் செய்பவர்களைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அது அவ்வளவு எளிதல்ல. திருவள்ளூர் மாவட்டம் ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்குப் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பழக்கமில்லாதவர் ஒருநாள் சைக்கிளில் போய் வந்தாலே கால் கடுக்கும். மறுநாளும் போக வேண்டும், அதற்கு அடுத்த நாளும் போக வேண்டும் என்றால்? அதனால்தான் இப்படிப் போகிறவர்கள் பல மாதங்களுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்கி விடுகிறார்கள்.

சைக்கிள்கூட இல்லாமல், நடந்தே 13 ஆண்டுகள் இப்படிப் பயணம் செய்த ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவர் கேட்டது பணம் அல்ல, நிலம். தனக்காக அல்ல, நிலமில்லாத ஏழைகளுக்காக. அவர்தான் ஆச்சார்ய வினோபா பாவே!

மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள ககோடே என்ற சிற்றூரில் 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி அவர் பிறந்தார். விநாயக் என்று பெற்றோர் பெயர் வைத்தனர். சிறு வயதில் அவர் அப்படி ஒன்றும் பலசாலி இல்லை. படிப்பில் கெட்டிக்காரர். பரோடாவில் படித்தபோது தெருத்தெருவாகச் சுற்றி நடப்பது என்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம்.

1916ஆம் ஆண்டு ஆமதாபாத்தில் காந்திஜியைச் சந்தித்து, அவருடைய ஆசிரமத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே உடல்நிலை சரியில்லாமல் போயிற்று. ஓராண்டு விடுமுறை கேட்டுக்கொண்டு வாயி என்ற ஊருக்குச் சென்றார். அங்கே சமஸ்கிருத நூல்களைப் படித்தார். அத்துடன் உடம்பைத் தேற்றும் வேலையையும் ஒழுங்காகச் செய்தார். முதலில் தினமும் 16 கிலோமீட்டருக்கும் மேல் நடந்தார். பிறகு மாவுக் கல்லில் கிலோக் கணக்கில் தானியம் அரைத்தார். அடுத்து தினமும் 300 சூரிய நமஸ்காரம் செய்தார். உடம்பு தேறியதும் ஊர் ஊராக, கோட்டை கோட்டையாக 400 மைல், அதாவது சுமார் 640 கிலோமீட்டர் நடந்து கிராமங்களின் நிலையை நேரில் பார்த்தார். ஓராண்டு முடிந்த அதே நாளில் சொன்னபடி ஆசிரமத்துக்குத் திரும்பி வந்தார்!

ஒருமுறை தயாராகிவிட்டால் போதுமா? போதாது. 1938இல் மீண்டும் உடல் மெலிந்து, எடை 40 கிலோவுக்கு வந்து விட்டது. வார்தாவுக்குப் பக்கத்தில் உள்ள பவனார் கிராமத்துக்குப் போய்த் தங்கினார். மண்வெட்டியை எடுத்து நிலத்தைக் கொத்தத் தொடங்கினார். எவ்வளவு நேரம் தெரியுமா? முதல் நாள் வெறும் ஐந்து நிமிடம்தான்! அடுத்த நாள் அதைவிடச் சற்றுக் கூடுதலாக. அதற்கு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். இப்படியே கூட்டிக்கொண்டே போனதில், சில மாதங்களில் மணிக்கணக்கில் மண் கொத்தும் தெம்பு வந்துவிட்டது. எடையும் நன்றாகக் கூடியது.

விடுதலைப் போராட்டத்தில் கைதாகி, வேலூரில் சிறையில் இருந்தபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளையும் அங்கே ஒன்றாகப் படிக்கத் தொடங்கினார். பின்னாளில் அந்த மொழி பேசும் ஊர்களுக்கெல்லாம் நடந்தே போகப் போகிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது!

விடுதலையாகி வந்த பிறகு, தினமும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சில மைல் தொலைவில் உள்ள சுர்காவ் கிராமத்துக்கு நடந்து போவார். எதற்குத் தெரியுமா? அந்த ஊரில் தெருவில் கிடந்த மலத்தை அள்ளிச் சுத்தம் செய்வதற்கு. மழையோ, வெயிலோ ஒருநாளும் தவறமாட்டார். ஒருநாள் வழியில் இருந்த ஓடையில் வெள்ளம். கடக்க முடியவில்லை. அக்கரையில் நின்ற ஒருவரைக் கூப்பிட்டு, ஊரின் துப்புரவுத் தொழிலாளி வேலைக்கு வந்தான், வெள்ளத்தால் திரும்பிப் போகிறான் என்று கோயிலில் உள்ள சாமியிடம் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் வீடு திரும்பினார்.

1951ஆம் ஆண்டு ஐதராபாத் அருகே சிவராம்பள்ளியில் சர்வோதய மாநாடு நடந்தது. நண்பர்கள் வற்புறுத்தி அழைத்தார்கள். வருகிறேன், ஆனால் நடந்துதான் வருவேன் என்றார் வினோபா. அப்போது அவருக்கு வயது 55. மார்ச் 8ஆம் தேதி புறப்பட்டு, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தூரத்தை ஒரு மாதத்தில் நடந்து முடித்தார்.

மாநாடு முடிந்ததும் தெலுங்கானா கிராமங்களுக்குப் போனார். அங்கே நிலத்துக்காகப் பெரும் கலவரம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஏப்ரல் 18ஆம் தேதி போச்சம்பள்ளி வந்து சேர்ந்தார். ஆர்.கே.பேட்டையைப் போலவே தறிகள் நிறைந்த ஊர் அது. அங்கிருந்த தாழ்த்தப்பட்ட மக்களின் 40 குடும்பங்கள், பிழைக்க 80 ஏக்கர் நிலம் இருந்தால் போதும் என்றன. வினோபா ஊர்க்காரர்களைப் பார்த்து, யாராவது தருவீர்களா என்று கேட்டார். ராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார்! அன்று பிறந்ததுதான் பூதான இயக்கம்.

அதன் பிறகு அவர் கால்கள் நிற்கவே இல்லை. அதிகாலை 3 மணிக்கு எழுவார். பிரார்த்தனை முடித்து, இருட்டிலேயே நடக்கத் தொடங்குவார். வயிற்றுப்புண் இருந்ததால் தயிரும் பாலும்தான் முக்கிய உணவு. 1956இல் நம் தமிழகத்துக்கு வந்தார். காஞ்சிபுரத்தில் நடந்த சர்வோதய மாநாட்டில் கலந்துகொண்டார். மதுரை வட்டாரக் கிராமங்களில் எல்லாம் நடந்து, 1957 ஏப்ரலில் கன்னியாகுமரியை அடைந்தார். 1964இல் பவனாருக்குத் திரும்பியபோது அவர் 50 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்திருந்தார்.

தானமாகக் கிடைத்த நிலம் 40 லட்சம் ஏக்கருக்கும் அதிகம். அதில் பாறை நிலமும் இருந்தது, வழக்கில் சிக்கிய நிலமும் இருந்தது. எல்லாம் ஏழைகளைப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் பல லட்சம் ஏக்கர் நிலம் ஒரு துளி ரத்தம் சிந்தாமல் கைமாறியது.

1982 நவம்பர் 15ஆம் தேதி வினோபா காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. போச்சம்பள்ளி இன்றும் பூதான் போச்சம்பள்ளி என்றே அழைக்கப்படுகிறது.

தம்பி, தங்கைகளே! பிறருக்காக நீண்ட தூரம் போக உங்களுக்கும் ஆசை வரலாம். சைக்கிளிலோ, நடந்தோ, எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். முதல் நாளே பெரிய தூரம் வேண்டாம். வினோபாவின் மண்வெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று ஐந்து நிமிடம். நாளை இன்னும் கொஞ்சம். ஆனால், ஒருநாளும் தவறக் கூடாது, சரியா?