கடலுக்கு இரும்பு கேட்ட அறிஞர்

கோடை பிறந்துவிட்டால் நம் விடுதி அறைகளில் புழுதிக்குப் பஞ்சமில்லை. ராஜஸ்தானத்துப் பாலைவனத்தின் மண் காற்றில் ஏறி வந்து, புத்தகத்திலும் படுக்கையிலும் படிகிறது. சலித்துக்கொண்டே தட்டி விடுகிறோம். இதே புழுதி கடலில் போய் விழுந்தால் அங்கே என்ன நேரும் என்று எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளை அந்த ஒரு கேள்விக்கே கொடுத்த அறிஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜான் மார்ட்டின். கடலாராய்ச்சி உலகில் இன்று அவர் பெயரை அறியாதவர் இல்லை. நம் மாணவர்களும் அறிந்திருக்க வேண்டிய பெயர் அது.

மார்ட்டின் 1935-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓல்ட் லைம் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊர் அது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 19 வயதில், இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. துள்ளித் திரிய வேண்டிய பருவத்தில் படுக்கையில் கிடந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் அந்நோயின் வடு வாழ்நாள் முழுவதும் அவருடைய நடையில் இருந்தது. கால் தளர்ந்த ஒருவர், ஆடும் கப்பலின் மேல்தளத்தில் நின்று செய்ய வேண்டிய தொழிலைத் தேர்ந்துகொண்டார் என்பதை நினைத்துப் பார்த்தால், அவருடைய மன உறுதி எத்தகையது என்பது விளங்கும். 1966-ல் ரோட் ஐலண்ட் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் கலிபோர்னியாவில், மான்ட்டரே விரிகுடாவின் கரையில் உள்ள மாஸ் லாண்டிங் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1970-களின் நடுவில் அதன் தலைவராகி, இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அவர் காலத்தில் கடலாராய்ச்சியாளரை வாட்டிவந்த புதிர் ஒன்று உண்டு. கடலின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய தாவரங்கள் கோடானு கோடி மிதக்கின்றன. விஞ்ஞானிகள் அவற்றைத் தாவர பிளாங்க்டன் என்பர். நிலத்துக்குப் புல் எப்படியோ, கடலுக்கு இவை அப்படி. மீனும் திமிங்கிலமும் முடிவில் இவற்றை நம்பியே வாழ்கின்றன. இவை வளர வெயில் வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வேண்டும். ஆனால் அலாஸ்காவை ஒட்டிய வட பசிபிக், நடுக்கோட்டுப் பசிபிக், அன்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்மாக்கடல் ஆகிய பகுதிகளில் இந்த உணவெல்லாம் நிறைந்து கிடந்தும், தாவரங்கள் மட்டும் குறைவாகவே இருந்தன. பெருங்கடற் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்த நிலைதான். வயல் இருக்கிறது, நீர் இருக்கிறது, எரு இருக்கிறது, பயிரை மட்டும் காணோம்! காரணம் என்ன?

இரும்புப் பற்றாக்குறையாக இருக்கலாம் என்ற ஐயம் 1930-களிலேயே சிலருக்குத் தோன்றியிருந்தது. தாவரம் பச்சையத்தை ஆக்கவும், நைட்ரேட்டைத் தன் உடலில் சேர்த்துக்கொள்ளவும் சிறிதளவு இரும்பு இன்றியமையாதது. ஆனால் கடல்நீரை அளந்தவர்களுக்கெல்லாம் இரும்பு தாராளமாக இருப்பதாகவே தெரிந்தது. ஆகவே அந்த ஐயம் மறக்கப்பட்டது.

மார்ட்டின் செய்த முதற்பெரும் பணி, அந்த அளவுகள் பிழையானவை என்று காட்டியதுதான். கப்பலே இரும்பு, அதன் வடம் எஃகு, எங்கு பார்த்தாலும் துரு. அதிலிருந்து எடுக்கும் நீரில் கப்பலின் இரும்பு கலவாமல் வேறென்ன செய்யும்? ஈயத்தை அளப்பதில் எவ்வளவு தூய்மை வேண்டும் என்பதைக் கிளேர் பேட்டர்சன் என்ற அறிஞர் முன்பே உலகுக்கு உணர்த்தியிருந்தார். அவ்வழியையே மார்ட்டினும் அவருடைய தோழர்களும் பின்பற்றினார்கள். எஃகு வடத்தை நீக்கிச் செயற்கை நார் வடம் கட்டினார்கள். அமிலத்தில் பலமுறை கழுவிய பிளாஸ்டிக் புட்டிகளைப் பயன்படுத்தினார்கள். தூசி புகாத அறையில் வேலை செய்தார்கள். அப்போது உண்மை வெளிவந்தது. நடுக்கடலின் மேற்பரப்பில், ஒரு லிட்டர் நீரில் இருந்த இரும்பு, ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் சில பங்குதான்! அதுவரை பிறர் அளந்தது பெரும்பாலும் தங்கள் கப்பலின் துருவைத்தான்.

அடுத்து அலாஸ்கா வளைகுடாவின் நீரைத் தூய புட்டிகளில் எடுத்து, சிலவற்றில் மட்டும் மிகச் சிறிதளவு இரும்பைச் சேர்த்தார்கள். சில நாட்களில் இரும்பு சேர்த்த புட்டிகளில் பிளாங்க்டன் செழித்தது; சேர்க்காதவை பின்தங்கின. 1988-ல் இந்த முடிவு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

அப்படியானால், கரையிலிருந்து ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் கடலுக்கு இரும்பு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் நம் புழுதி வருகிறது. 1832-ல் பீகிள் கப்பலில் சென்ற டார்வின், கேப் வர்டே தீவுகளின் அருகே வானிலிருந்து விழுந்த நுண்ணிய தூளைச் சேர்த்து வைத்தார். அது ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த புழுதி. பாலைவனங்களிலிருந்து காற்று வாரிச் செல்லும் மண்ணில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 45 கோடி டன் கடலில் விழுகிறது என்பது இன்றைய மதிப்பீடு. அந்த மண்ணில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு இரும்பு. அதிலும் மிகச் சிறிய பகுதியே நீரில் கரையும். ஆனால் பட்டினி கிடக்கும் கடலுக்கு அச்சிறு பகுதியே விருந்து. சகாராவின் புழுதி வட அட்லாண்டிக்கை ஊட்டுகிறது. சீன, மங்கோலியப் பாலைகளின் புழுதி வட பசிபிக்கை எட்டுகிறது. தென்மாக்கடலைச் சுற்றி நிலம் குறைவு. ஆகவே புழுதியும் குறைவு, பயிரும் குறைவு.

மார்ட்டின் இதோடு நிற்கவில்லை. அன்டார்க்டிகாவில் வோஸ்டாக் என்னுமிடத்தில் தோண்டி எடுத்த பனிக்கட்டித் தூண்களில், ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆண்டுகளின் காற்றும் தூசியும் சிறைப்பட்டிருந்தன. பனியூழிக் காலத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180 முதல் 200 பங்கு. வெப்பக் காலத்தில் 280. புழுதியோ நேர்மாறாக, பனியூழியில் பல மடங்கு மிகுந்திருந்தது. மார்ட்டின் இரண்டையும் முடிச்சுப் போட்டார். உலகம் வறண்டு குளிர்ந்தபோது புழுதி பெருகியது. புழுதி கடலுக்கு இரும்பு தந்தது. பிளாங்க்டன் செழித்துக் கரியமில வாயுவை உண்டது. மடிந்தவை ஆழத்தில் அமிழ, அவற்றோடு கரியும் அமிழ்ந்தது. காற்றில் அவ்வாயு குறையக் குறைய உலகம் மேலும் குளிர்ந்தது. 1990-ல் அவர் விரிவாக எழுதிய இக்கருத்தையே ‘இரும்புக் கோட்பாடு’ என்கிறார்கள்.

அவர் நகைச்சுவை மிகுந்தவர். 1988-ல் விஞ்ஞானிகள் கூடிய ஓரிடத்தில், அரைக் கப்பல் இரும்பைக் கொண்டே பனியூழியை வரவழைத்துவிடலாம் என்னும் பொருள்பட வேடிக்கையாகப் பேசினார். அவையில் சிரிப்பு எழுந்தது. ஆனால் வெளியுலகம் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆலைப் புகையால் பெருகும் கரியமில வாயுவுக்கு மலிவான மருந்து கிடைத்துவிட்டது என்று சிலர் மகிழ்ந்தார்கள். கடலைக் கெடுக்கப் போகிறார்கள் என்று பலர் சினந்தார்கள். அறிஞர்களோ, புட்டி வேறு, கடல் வேறு என்றார்கள். புட்டிக்குள் பிளாங்க்டனை மேயும் சிற்றுயிர்கள் கடலில் உள்ளது போல் இருப்பதில்லை அல்லவா? மார்ட்டின் அதற்குச் சொல்லால் விடை தர முயலவில்லை. கடலிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று திட்டம் வகுத்தார்.

துன்பங்கள் அடுத்தடுத்து வந்தன. 1989 அக்டோபர் 17-ஆம் நாள் நேர்ந்த நில நடுக்கத்தில் அவருடைய ஆராய்ச்சி நிலையம் இடிந்தது. நிலையத்தை மீண்டும் எழுப்பப் பாடுபட்டுக்கொண்டே கடற் சோதனைக்கும் ஆயத்தம் செய்தார். அதற்குள் புற்றுநோய் அவரைப் பற்றிக்கொண்டது. 1993 ஜூன் 18-ஆம் நாள், 58 வயதில் மறைந்தார். அவர் கனவு கண்ட கப்பல் புறப்பட அப்போது சில மாதங்களே இருந்தன.

தலைவர் மறைந்தாலும் தோழர்கள் தளரவில்லை. அக்டோபரில் கலாபகோஸ் தீவுகளுக்குத் தெற்கே, 64 சதுரக் கிலோமீட்டர் கடற்பரப்பில் ஏறத்தாழ 450 கிலோ இரும்பைத் தூவினார்கள். பிளாங்க்டன் பெருகியது. ஆனால் சில நாட்களில் அந்நீர் வேறொரு நீரடுக்கின் கீழே புதைந்துவிட்டது; கரியமில வாயுவும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. 1995-ல் மீண்டும் சென்றார்கள். இம்முறை கண்ணெதிரே நீலக் கடல் பச்சையாயிற்று. நீரில் கரியமில வாயுவும் நன்றாகக் குறைந்தது. இரும்புக்காகக் கடல் ஏங்குகிறது என்று மார்ட்டின் சொன்னது மெய்யாயிற்று.

ஆனால் மற்றொரு கேள்வி எஞ்சி நின்றது. கடல் உண்ட கரி ஆழத்துக்குப் போகிறதா? ஆழத்துக்குப் போனால் நூற்றாண்டுக் கணக்கில் அங்கே தங்கும். மேலேயே சிற்றுயிர்கள் தின்றுவிட்டால், அவற்றின் மூச்சாகி விரைவில் காற்றுக்கே திரும்பும். 2004-ல் தென்மாக்கடலில் நடந்த ஒரு சோதனையில், டையாட்டம் என்ற ஓடுடைய பாசிகள் செழித்து, அவற்றில் பாதிக்குக் குறையாமல் ஆயிரம் மீட்டருக்கும் கீழே அமிழ்ந்தன. 2009-ல் கோவாவிலுள்ள நம் தேசியக் கடலாய்வு நிறுவனமும் ஜெர்மானிய அறிஞர்களும் சேர்ந்து, தென் அட்லாண்டிக்கில் 300 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் இன்னொரு சோதனை செய்தார்கள். இரும்பைக் குறிக்கும் லோஹா என்ற இந்தியச் சொல்லாலேயே அதற்கு லோஹாஃபெக்ஸ் என்று பெயரிட்டார்கள். அங்கே டையாட்டம் ஓடு கட்டுவதற்கு வேண்டிய சிலிகா நீரில் இல்லை. வேறு பாசிகள் முளைத்தன; சிற்றுயிர்கள் அவற்றை மேய்ந்து தீர்த்தன; ஆழத்துக்குப் போன கரி மிகச் சொற்பம். ஒரே எரு, இரண்டு வயல், இரண்டு விளைச்சல்!

இயற்கையும் தன் பங்குக்குச் சோதனை செய்து காட்டியது. 2008-ல் கஸடோச்சி எரிமலையின் சாம்பல், மார்ட்டின் நீர் எடுத்த அதே அலாஸ்கா வளைகுடாவில் விழுந்து கடலைப் பசுமையாக்கியது. ஆயினும் அதனால் கடல் உட்கொண்ட கரியமில வாயு சிறிதளவே. பனியூழிக் காலக் குறைவிலும் புழுதியின் பங்கு பாதிக்கு மேல் இராது என்பதே இன்றைய ஆராய்ச்சிகளின் பொதுவான போக்கு. முறையான ஆராய்ச்சிக்கன்றி வேறு எதற்காகவும் கடலில் இரும்பு தூவலாகாது என்று 2008-ல் லண்டன் உடன்படிக்கை நாடுகள் தீர்மானித்தன.

அப்படியானால் மார்ட்டின் தோற்றாரா? இல்லை. புழுதிக்கும் கடலுயிருக்கும் காற்றுக்கும் உள்ள உறவை உலகம் ஏற்றுக்கொண்டது. அதை மலிவு மருந்தாக்கும் ஆசைதான் நிறைவேறவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளில் காற்றும் கடலும் மெல்ல மெல்லச் செய்த வேலையை, அரைக் கப்பல் இரும்பைக் கொட்டி நாம் முடித்துவிட இயலாது. பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு 2024-ல் 420-ஐத் தாண்டி நின்றது. புகையைக் குறைப்பது நம் பொறுப்பே. அதைக் கடலின் தலையில் கட்டிவிட முடியாது.

மாணவ நண்பர்களே, கால் தளர்ந்த ஒருவர், பிறர் தூக்கிப்போட்ட கருத்து ஒன்றை எடுத்து, புட்டியைக் கழுவிக் கழுவி உண்மையைக் கண்டார். பெரிய கருத்தை அச்சமின்றிச் சொன்னார். அதைச் சோதிக்க வேண்டிய வழியையும் தாமே வகுத்து வைத்துப் போனார். அச்சோதனை அவர் கருத்தில் ஒரு பாதியை நிலைநாட்டி, மறுபாதிக்கு எல்லை வகுத்தது. விஞ்ஞானிக்கு இதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் வேறு உண்டோ? அடுத்த முறை மேசைமேல் படிந்த புழுதியைத் தட்டும்போது அவரை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.