உங்க ஏரியா கவுன்சிலருக்கு ஓட்டு போட்டது யார்? ஈப்போ டி.ஆர். சீனிவாசகத்தின் கதை

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் உங்கள் குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு ரெண்டு வாரமா எரியல. குப்பை லாரி ஒழுங்கா வரல. மழைக்குக் கால்வாய் அடைச்சுக்கிட்டு தண்ணி ரோட்டுல ஓடுது. யாரிடம் சொல்வீர்கள்?

தானா ராத்தாவில் மாவட்ட மன்றம் இருக்கிறது. அதில் கவுன்சிலர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்குக்கூட நீங்கள் ஓட்டு போட்டதில்லை. உங்கள் அப்பா அம்மாவும் போட்டிருக்க மாட்டார்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பது பகாங் மாநில அரசு.

எப்போதுமே இப்படித்தானா? இல்லை. இதைப் புரிந்துகொள்ள கம்போங் ராஜா பக்கமாக மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கி, ஈப்போ வரைக்கும் வாங்க. அங்கே ஒரு பூங்கா இருக்கிறது. பழைய பெயர் கொரொனேஷன் பார்க். இப்போது டி.ஆர். சீனிவாசகம் பூங்கா. ஊர்க்காரர்களுக்கு வெறும் 'டி.ஆர். பார்க்'. ஜாகிங் போகிறவர்கள், பிள்ளைகளை விளையாட அழைத்து வருகிறவர்கள் என்று நிறைய பேர் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அந்த டி.ஆர். யார் என்று கேட்டால்தான் பலருக்கும் பதில் வராது.

தர்ம ராஜா சீனிவாசகம் 1921-இல் பிறந்தவர். தமிழர், வழக்கறிஞர். அண்ணன் எஸ்.பி. சீனிவாசகமும் வழக்கறிஞர்தான். 1953-இல் பேராக் முற்போக்குக் கட்சி உருவானது. முதலில் கூட்டணிக் கட்சியோடு சேர்ந்துதான் இருந்தார்கள். 1955 தேர்தலுக்குத் தொகுதி பிரிக்கும்போது சண்டை வந்து, தனியாகப் போனார்கள். பிறகு பெயர் மக்கள் முற்போக்குக் கட்சி ஆனது. நமக்குத் தெரிந்த பிபிபி.

அந்தக் காலத்து ஈப்போவைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். சுற்றி எங்கும் ஈயச் சுரங்கம். அவசரகாலத்தில் ஆயிரக்கணக்கான சீனக் குடும்பங்களைக் கிளப்பி, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய், சாலை, சந்தை, உரிமம் என்று அவர்களுடைய அன்றாடப் பிரச்சினை எல்லாமே நகராட்சிக்குப் போகிற பிரச்சினை. அந்த மக்களின் வாக்கை வாங்கி வளர்ந்த கட்சிக்குத் தலைமை தாங்கியவர்கள் ஒரு தமிழ் அண்ணன் தம்பி. இன்றைக்கு இருக்கிற கணக்குப்படி பார்த்தால் நம்புவதற்கே கஷ்டமாக இருக்கும்.

1957-இல் ஒரு வாய்ப்பு வந்தது. ஈப்போ-மெங்லெம்பு தொகுதியின் உறுப்பினர் லியோங் இயூ கோ, சுதந்திரத்தோடு மலாக்கா ஆளுநராக நியமிக்கப்பட்டார். இடம் காலி. இடைத்தேர்தலில் டி.ஆர். நின்றார், ஜெயித்தார். நாட்டுக்கு மெர்டேக்கா கிடைத்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அப்போதே ஆளும் கூட்டணிக்கு விழுந்த அடி அது. 1959 பொதுத்தேர்தலில் பிபிபி 4 நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிடித்தது. 1964-இல் அது ரெண்டாகக் குறைந்தது. அந்த ரெண்டும் ஈப்போவும் மெங்லெம்புவும், அதாவது தம்பியும் அண்ணனும்.

நாடாளுமன்றத்தில் கை சிறியது. ஈப்போ நகர மன்றத்தில் கதையே வேறு. அங்கே பிபிபிதான் கொடி பறக்கவிட்டது. 1962-இல் ஈப்போ நகராண்மைக் கழகமாக உயர்ந்தபோதும் அவர்கள் செல்வாக்கு குறையவில்லை. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மத்திய அரசை எதிர்க்கிற ஒரு கட்சி, ஊருக்குள் கால்வாய் வெட்டவும் சந்தை நடத்தவும் பொறுப்பில் இருக்க முடிந்தது. வேலை சரியில்லை என்றால் அடுத்த தேர்தலில் மக்கள் இறக்கிவிடலாம். கவுன்சிலரும் அந்தப் பயத்தோடுதான் வேலை பார்க்கணும்.

மொழி விஷயத்திலும் பிபிபி பின்வாங்கவில்லை. சீனமும் தமிழும் அதிகாரபூர்வ மொழிகளாக வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. 1967-இல் தேசிய மொழிச் சட்ட மசோதா வந்தபோது எதிர்த்து நின்றார்கள். அதை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதக்கூட வேறு ஆளைத் தேடிப் போன தலைமுறைக்கு அது வெறும் கொள்கைப் பேச்சு இல்லை.

டி.ஆர். பெயர் நாடு முழுக்கப் பரவியது ஒரு வழக்கால்தான்.

அமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப் மீது அவர் நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டு வைத்தார். இங்கே ஒரு சட்ட நுணுக்கம். அவைக்குள் ஓர் உறுப்பினர் என்ன பேசினாலும் அவர் மேல் அவதூறு வழக்கு போட முடியாது. அரசியலமைப்பே அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. அதனால் அமைச்சர் தரப்பு சவால் விட்டது: தைரியம் இருந்தால் வெளியே வந்து சொல்லட்டும். பெரும்பாலான அரசியல்வாதிகள் இந்த இடத்தில் நழுவிவிடுவார்கள். டி.ஆர். நழுவவில்லை. கோலாலம்பூர் சீன அசெம்பிளி மண்டபத்தில் மக்கள் முன்னால் நின்று, அதே குற்றச்சாட்டைத் திரும்பவும் சொன்னார். அமைச்சர் வழக்கு போட்டார். சொன்னதை நியாயப்படுத்துகிற பாரம் இப்போது டி.ஆர். தலையில். தோற்றிருந்தால் பணம், பேர், அரசியல் எல்லாம் போயிருக்கும். உயர் நீதிமன்றம் அமைச்சரின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டிலும் அவர் தோற்றார், பதவியை விட்டு விலகினார்.

சரி, கவுன்சிலர் தேர்தல் என்ன ஆச்சு?

இந்த நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் பொதுத்தேர்தலைவிட மூத்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனிலும், அடுத்த பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராட்சித் தேர்தல் நடந்தது. முதல் கூட்டரசுத் தேர்தல் 1955-இல்தான். பிறகு சின்னச் சின்ன ஊர்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும்கூட தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் வந்தன. கடைசி உள்ளாட்சித் தேர்தல் 1963-இல் நடந்தது.

1965 மார்ச் 1-ஆம் தேதி பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். காரணம், இந்தோனேசியாவோடு நடந்துகொண்டிருந்த மோதல். அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்றார்கள். 1966-இல் மோதல் முடிந்தது. தேர்தல் மட்டும் திரும்பவே இல்லை.

அரசாங்கம் ஓர் அரச விசாரணை ஆணையத்தை அமைத்தது. அதன் தலைவரும் ஒரு தமிழர்தான்: செனட்டர் ஆதி நாகப்பன். ஜார்ஜ்டவுனின் முதல் மேயரான டி.எஸ். ராமநாதனும் அதில் ஓர் உறுப்பினர். ஊழல், திறமைக் குறைவு எல்லாவற்றையும் அலசிப் பார்த்துவிட்டு, 1968-இல் ஆணையம் அறிக்கையை முடித்தது. குறைகளைச் சரிசெய்யுங்கள், ஆனால் மன்றங்கள் தேர்தல் மூலமாகத்தான் அமையணும் என்பதே அதன் பரிந்துரை. அறிக்கை வெளியே வந்தது 1971-இல். தேர்தல் பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை.

டி.ஆர். அந்த முடிவைப் பார்க்கவில்லை. 1969 மார்ச் 15-ஆம் தேதி மாரடைப்பில் இறந்துவிட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இறுதி ஊர்வலத்துக்கு ஈப்போவே திரண்டு வந்தது. ரெண்டு மாதத்துக்குள் பொதுத்தேர்தல். பிபிபி மறுபடியும் 4 நாடாளுமன்றத் தொகுதிகளையும், பேராக் சட்டமன்றத்தில் 12 இடங்களையும் வென்றது. அதற்குப் பிறகு மே 13 வந்தது. எல்லாம் மாறிப்போனது. அண்ணன் காலத்திலேயே கட்சி தேசிய முன்னணிக்குள் போய்விட்டது.

1976-இல் வந்த ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது சட்டம் 171, கதவை முழுசாகச் சாத்தியது. அதன்படி ஒரு மன்றத்தில் 8 முதல் 24 கவுன்சிலர்கள் இருக்கலாம். நியமிப்பது மாநில அரசு. ஒரு தவணைக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. அவர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்திலேயே குடியிருப்பவர்களாக இருக்கணும், தங்கள் சமூகத்தைப் பிரதிநிதிக்கத் தகுதி உள்ளவர்களாக இருக்கணும் என்று சட்டம் சொல்கிறது. அந்தத் தகுதியை எடைபோடுவது மாநில அரசு. நடைமுறையில் பெயர்ப் பட்டியல் ஆளும் கட்சிகளிடமிருந்து வருகிறது. பினாங்கு இதை மாற்றப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு வழி இல்லை என்று தீர்ப்பளித்தது.

தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தோட்டத்து வேலிக்குள் இருக்கிற சாலையும் வீடும் விளக்கும் பெரும்பாலும் நிறுவனத்தின் நிலத்தில் இருப்பவை. மன்றத்தின் கை அங்கே எளிதாக நீளாது. தொழிலாளர் வீட்டின் கூரை ஒழுகினால், குடிநீர் சரியில்லை என்றால், அது 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் வரும். புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. வேலிக்கு வெளியே இருக்கிற சந்தை போன்றவைதான் மாவட்ட மன்றத்தின் வேலை. கவுன்சிலரைப் பார்க்கப் போகும் முன் இது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு போனால் அலைச்சல் மிச்சம். புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டி.ஆர். பூங்கா இருக்கிற ஈப்போவுக்கு இப்போது மாநகர் மன்றம். அதன் உறுப்பினர்களை நியமிப்பது பேராக் மாநில அரசு.