துகள்கள் வளர்ந்த கதை: வேதியியல் மேதை ஆஸ்வால்டு

பிளஸ் டூவில் ஆஸ்வால்டு நீர்த்தல் விதியை மனப்பாடம் பண்ணாத ஆள் நம்மில் யாரும் இருக்க முடியாது. அந்த வில்ஹெல்ம் ஆஸ்வால்டு 1853-ல் ரிகா நகரில், மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். சின்ன வயசிலேயே வீட்டில் வாணம் செய்து பார்த்தவராம். சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான நமக்கு இது ஒன்றும் அதிசயமில்லை!

1887-ல் லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். வான்ட் ஹாஃப், அர்ரீனியஸ் ஆகியோருடன் சேர்ந்து இயற்பிய வேதியியல் என்ற துறையையே நிலைநிறுத்தினார். 1909-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று உலோகப் பொடித் தொழிலில் அவர் பெயர் அடிபடுவது வேறொரு காரணத்துக்காக. ஒரே பொருளின் சிறிய துகள் பெரியதைவிட எளிதில் கரையும் என்பதை 1900-ல் பாதரச ஆக்சைடை வைத்து அவர் விளக்கினார். சிறியது கரைய, பெரியது அதை வாங்கிப் பருக்கும். இதற்கு ஆஸ்வால்டு முதிர்ச்சி என்று பெயர்.

நம்ம ஊர் கடலைமிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். கடலையை வெல்லப்பாகு பிடித்து நிறுத்துகிறது. டங்ஸ்டன் பொடியோடு நிக்கல், இரும்புப் பொடி கலந்து அழுத்தி, சுமார் 1,450 டிகிரிக்கு மேல் உலையில் வைத்தால், நிக்கலும் இரும்பும் உருகிப் பாகாகும், டங்ஸ்டன் உருகாது. ஆனால் ஒரு வித்தியாசம். கடலை பாகில் கரையாது. டங்ஸ்டன் கொஞ்சம் கரையும். சின்னத் துகள் கரைந்து பெரிய துகள் மேல் படியும். ஒன்றையொன்று தொட்ட துகள்கள் ஒட்டி ஒன்றாகிவிடுவதும் உண்டு. திருச்சியிலுள்ள பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பீரங்கிக் குண்டுக்கான டங்ஸ்டன் கலவைக் கம்பிகள் தயாராவது இந்த முறையில்தான்.

உலையில் கூடுதல் நேரம் விட்டால் துகள் பருத்து, வலு குறையும். சராசரி ஆரத்தின் மும்மடி நேரத்தோடு வளர்கிறது என்று லிஃப்ஷிட்ஸ், ஸ்லியோசோவ், வாக்னர் ஆகியோர் 1961-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அதாவது துகள் இரு மடங்காக எட்டு மடங்கு நேரம் வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆஸ்வால்டு நெடுங்காலம் அணு என்பதையே நம்பவில்லை! எல்லாம் ஆற்றல்தான் என்பது அவர் கட்சி. 1895-ல் லூபெக் மாநாட்டில் போல்ட்ஸ்மன் தரப்போடு பெரிய வாதமே நடந்தது. பிறகு ஜே.ஜே. தாம்சன், பெரின் சோதனைகளைப் பார்த்ததும், 55 வயதுக்கு மேல், தம் பாடநூலின் முன்னுரையிலேயே அணுக்கொள்கையை ஏற்றுக்கொண்டார். மாணவர்கள் படிக்கிற புத்தகத்திலேயே கட்சி மாறினார், பாருங்கள்! அதற்குத் தனி மனசு வேண்டும்.

1932-ல் மறைந்தார். உலை வேலையில் இருக்கும் நம் நண்பர்கள் நுண்ணோக்கியில் துகளின் அளவைப் பார்க்கும்போதெல்லாம், சோதனைக்குத் தலைவணங்கிய அந்த மனிதரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.