பத்துப் பிராங் தாளில் இருந்தவர்

1986 இல் சுவிசுக்கு வந்து, உணவகமொன்றில் கோப்பை கழுவி வாங்கின முதற் சம்பளத்தில் சிவப்புப் பத்துப் பிராங் தாள்கள் சிலவும் இருந்தன. தலையில் துணி சுற்றிய ஒரு மனிதரின் படம். ஆரெண்டு கேட்க எனக்குப் பாஷை தெரியாது. கனகாலத்துக்குப் பிறகு மகளின் கணிதப் புத்தகத்தில் அதே முகத்தைக் கண்டேன்: லெயோன்ஹார்ட் ஒய்லர். அந்தத் தாளை 2000 ஆம் ஆண்டு திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

1707 ஏப்ரல் 15 இல் பாசல் நகரில் பிறந்தவர். தகப்பன் பாதிரியார். ஊரில் கேட்ட பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 20 வயது நிறைய முன்னமே, 1727 இல், வேலை தேடி ரஷ்யாவின் பீற்றர்ஸ்பேர்க்குக்குப் போனார். 1741 இல் பேர்லின். 1766 இல் திரும்பவும் பீற்றர்ஸ்பேர்க். வலது கண் முன்னமே போயிட்டுது, பிறகு மற்றதும் மங்கியது. 1771 இல் வீடும் எரிந்தது. கண் தெரியாத மனிதரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர் அங்கேயிருந்த பாசல்காரத் தொழிலாளி ஒருவர். ஊர்க்காரன் ஊர்க்காரன்தான்!

அடுத்த வருஷத்துக் கடிதமொன்றில், 2,147,483,647 ஒரு முதன்மை எண் என்று ஒய்லர் காட்டினார். அதாவது 1 ஆலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மிச்சமில்லாமல் வகுபடாது. 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருகிற எண் இது. சும்மா வகுத்துப் பார்க்கிறதெண்டால் 46,340 வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் பார்க்க வேணும். அவை கிட்டத்தட்ட 4,800. நான் கல்குலேற்றரோடு ஒரு இரவு இருந்து களைச்சுப் போனேன். ஒய்லர் முதலில் யோசித்தார். இதை வகுக்கிற முதன்மை எண் ஒன்று இருந்தால், அதை 248 ஆல் வகுக்க மிச்சம் 1 அல்லது 63 தான் வர வேணும் என்று கண்டார். அந்த வகை முதன்மை எண்கள் நூறு கூட இல்லை. ஒன்றாலும் வகுபடவில்லை.

இன்னொரு விசேஷம். 6 ஐ வகுக்கிற சிறிய எண்கள் 1, 2, 3. கூட்டினால் திரும்பவும் 6. ஒய்லரின் எண்ணை 30 இரண்டுகளின் பெருக்கத்தால் பெருக்கினால் வருகிற 19 இலக்க எண்ணுக்கும் இதே குணம்.

எழுபது வருஷத்துக்கு மேல் இதைவிடப் பெரிய முதன்மை எண் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. கண் இல்லாத காலத்தில் அவர் சொல்லச் சொல்ல மகன்மாரும் மாணவர்களும் எழுதினார்கள். 1783 செப்டெம்பர் 18 இல் இறந்தார். அடக்கம் பீற்றர்ஸ்பேர்க்கிலேயே. 1727 இல் விட்டுப் போன பாசலுக்கு அவர் ஒருக்காலும் திரும்பி வரவில்லை.