கட்டபொம்மனின் கப்பக் கணக்கு

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) படத்தை அண்மையில் பட்டாபிராம் வீட்டில் தொலைக்காட்சியில் மீண்டும் கண்டேன். சிவாஜி கணேசனின் முழக்கம் இன்றும் சிலிர்க்க வைக்கிறது. பொருளியல் கற்பித்த எனக்கோ கணக்கில்தான் நாட்டம்.

பாஞ்சாலங்குறிச்சியின் கப்பம் ஆர்க்காட்டு நவாபுக்கு உரியது. கடனில் மூழ்கிய நவாப், 1792 ஒப்பந்தப்படி அதை வசூலிக்கும் உரிமையைக் கம்பெனியிடம் விட்டார். என் பார்வையில் இது பிறர் மண்ணை அடகு வைத்த செயல். நிலுவைக்காகக் கட்டபொம்மனை ஊர் ஊராக அலைக்கழித்த கலெக்டர் ஜாக்சன், 1798இல் இராமநாதபுரத்தில் அவரைச் சந்தித்தபோது மோதல் மூண்டது. விசாரித்த கம்பெனி, ஜாக்சனையே பதவியிலிருந்து நீக்கியது!

ஆயினும் மறு ஆண்டே பானர்மேனின் படை வந்தது. தப்பிச் சென்றவரைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுக்க, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டனர். கோட்டையும் தரைமட்டமானது. 1801இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய தம்பி ஊமைத்துரை, அதை மீண்டும் எழுப்பினார்.