7 தந்தி பிடில் சவுடையா

பெங்களூர் வையாலிகாவல் பக்கம் போகிறவர்கள் அந்தக் கட்டிடத்தைப் பார்த்திருப்பார்கள். ராட்சத பிடில் ஒன்றைப் படுக்க வைத்தது போல இருக்கும். தந்தி, குதிரை, பிரடை, வில் எல்லாம் உண்டு. 1980-ம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த மண்டபத்துக்கு சவுடையா பெயர்.

யார் இந்த சவுடையா?

மைசூரை அடுத்த டி.நரசிபுரம் அருகே காவிரியும் கபினியும் கலக்கும் இடம் திருமகூடலு. அங்கே 1895-ம் ஆண்டு பிறந்தவர். பெயருக்கு முன்னால் உள்ள "டி" அந்த ஊரைத்தான் குறிக்கிறது. பிற்காலத்தில் கீர்த்தனைகள் இயற்றியபோதும் "திரிமகுட" என்று ஊர்ப் பெயரையே முத்திரையாக வைத்தார்.

1910-ல் மைசூர் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் சீடராகச் சேர்ந்தார். கிருஷ்ணப்பா பிடில் வித்வான் அல்ல, பாடகர். கண்டிப்புக்குப் பேர்போனவர். பாடகரிடம் பயின்றதாலோ என்னவோ, பாடுகிறவரின் மனம் அறிந்து வாசிக்கும் வித்தை சவுடையாவுக்குக் கைவந்தது.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை

அந்தக் காலத்தில் மைக் கிடையாது. கோவில் பந்தலிலும் கல்யாணப் பந்தலிலும் கச்சேரி நடக்கும். கனத்த குரல் உள்ள பாகவதர் பாடினால் கடைசி வரிசை வரை கேட்கும். பக்கத்தில் வாசிக்கும் பிடிலோ நாலைந்து வரிசையோடு நின்றுவிடும். பின்னால் இருப்பவர்களும் காசு கொடுத்தோ, நடந்து களைத்தோ வந்தவர்கள்தானே!

இதற்கு வழி தேடினார் சவுடையா. பிடிலுக்கு 4 தந்திகள். அவற்றில் மூன்றுக்குத் துணையாக ஒவ்வொரு தந்தியைச் சேர்த்தார். 7 தந்தி பிடில் பிறந்தது. ஆண்டு 1927.

சொல்வதற்கு எளிது. செய்வது அப்படி அல்ல. 3 தந்தி கூடினால் 3 பிரடை கூட வேண்டும். குதிரையில் புதிய பள்ளங்கள் வெட்ட வேண்டும். இழுவிசை கூடுவதால் மேல்பலகை தாங்க வேண்டும். ஒரே விரல் இரண்டு தந்தியைச் சேர்த்து அமுக்க வேண்டும். எல்லாவற்றையும் விடக் கஷ்டம், சுருதி சேர்ப்பது. ஜோடித் தந்திகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் நாதம் அலை அலையாக அடித்து, காதைக் குத்தும். கச்சேரி நடுவே சூடுபட்டுத் தந்தி இறங்கினால், ஒன்றைத் திருத்தும்போது அதன் ஜோடியையும் திருத்தியாக வேண்டும்.

பியானோவிலும் இதே உபாயம்தான். ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே சுத்தியல் பெரும்பாலும் 2 அல்லது 3 தந்திகளை ஒன்றாகத் தட்டும். பழைய பியானோக்களில் இரண்டே தந்தி. பெரிய மண்டபங்கள் வந்ததும் மூன்றாயிற்று. ஆனால் பியானோவின் தந்தியை வாசிப்பவர் விரலால் தொடுவதில்லை. சவுடையாவோ ஜோடித் தந்தியில் கமகம் இழைக்க வேண்டியிருந்தது!

பிடிலின் மென்மை போய்விடுகிறது என்று நினைத்தவர்கள் உண்டு. நாலு தந்திக்கு இசைப்பழகிய காதுக்கு அது நியாயமாகவே பட்டிருக்கலாம். சவுடையா விட்டுக்கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் செல்வாக்கு

மைசூர் சமஸ்தான வித்வானாக இருந்தாலும், அவருக்குத் தமிழ்நாட்டு மேடைகளும் சொந்த வீடு மாதிரி. செம்பை வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரலும் சவுடையாவின் 7 தந்தியும் சேர்ந்தால் பந்தல் நிரம்பும். அரியக்குடிக்கும் வாசித்தார். தேவகோட்டைப் பக்கத்துக் கண்டதேவி அழகிரிசாமி இவருடைய சீடர்.

சினிமாவையும் விடவில்லை. 1943-ல் "வாணி" என்ற கன்னடப் படத்தைத் தயாரித்தார். மைசூரில் இசைக்கல்லூரி ஒன்றும் நடத்தினார்.

1957-ம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி பட்டம் வழங்கியது. கன்னட நாட்டு வித்வானை சென்னை சபை தன் தலைவராக உட்கார வைத்து அழகு பார்த்தது.

அதற்குள் ஊரெங்கும் மைக் வந்துவிட்டது. எந்தக் குறையைத் தீர்க்க மூன்று தந்தி சேர்த்தாரோ, அந்தக் குறையே இல்லாமல் போயிற்று. மற்ற வித்வான்கள் 4 தந்தியிலேயே இருந்தார்கள்.

1967-ம் ஆண்டு ஜனவரி 19-ந்தேதி சவுடையா காலமானார். அவர் பெயர் தாங்கிய மண்டபத்தில் இன்றும் கச்சேரியும் நாடகமும் நடக்கின்றன. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், கூரையில் எத்தனை தந்தி என்று எண்ணிப் பாருங்கள்.