அருவிப்புறத்துக் கல்லும் களவங்கோட்டுக் கண்ணாடியும்

மாசித் திங்களின் தேய்பிறைப் பதினான்காம் இரவு சைவர்க்குச் சிவராத்திரி. 1888ஆம் ஆண்டின் அவ்விரவில், நெய்யாற்றங்கரைக்கு அண்மையிலுள்ள அருவிப்புறம் என்னும் சிற்றூரில், நெய்யாற்றின் சங்கரன்குழி என்ற மடுவில் ஒரு துறவி மூழ்கினார். எழுந்தபோது அவர் கையில் ஒரு கல் இருந்தது. அதனை மார்போடு அணைத்து, கண்ணீர் பெருக, நெடுநேரம் அசையாது நின்றார் என்பர். பின்னர்க் கரையிலிருந்த பாறையின்மேல் அதனைச் சிவலிங்கமாக நிறுவினார். மேலே தழைப் பந்தர். சுற்றிலும் எளிய எண்ணெய் விளக்குகள். சிற்பியும் இல்லை, ஆகமம் கற்ற குருக்களும் இல்லை. அத்துறவியே ஸ்ரீ நாராயண குரு.

லிங்கம் நிறுவிய ஒருவரின் வரலாறு பௌத்தர் படிக்கும் ஏட்டில் எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் தம்மம் தழுவிய நம் இல்லங்களில் ஆண்டுதோறும் எழும் ஒரு சிக்கலுக்கு அவர் வாழ்வு ஓரளவு விடை தருகிறது. பழைய தெய்வங்களை விட்டோம். அத்தெய்வங்களுக்குரிய நாள்களை என்ன செய்வது? மாசி இரவும் அமாவாசையும் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லையே!

அந்நிலப்பகுதி நமக்குப் புதிதன்று. விழிஞத்திலிருந்து அப்பகுதியை ஆண்ட ஆய் மன்னருள் ஒருவனான விக்கிரமாதித்த வரகுணன், திருமூலவாதத்துப் பௌத்தப் பள்ளிக்கு நிலம் வழங்கியதைப் பாலியம் செப்பேடு கூறும். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது; பாறசாலையும் நெய்யாற்றங்கரையும் கேரளத்தில் நின்றன. கோடு புதிது. அதன் இருபுறத்து ஊர்களிலும் இரு மொழியும் பழகிய மக்கள் வாழ்ந்து வருகின்றனர்.

குருவும் இரு மொழிக்கும் உரியவரே. திருவனந்தபுரத்துக்கு வடக்கே செம்பழந்தியில், ஈழவர் குலத்து மாடன் ஆசானுக்கும் குட்டியம்மைக்கும் ஆவணிச் சதயத்தில் பிறந்தார். நாணு என்பது வீட்டுப் பெயர். வடமொழியைக் கும்மம்பிள்ளி ராமன் பிள்ளை ஆசானிடம் கற்றார். யோக நெறியைத் தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்னும் தமிழரிடம் பயின்றார். தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடினார். திருக்குறளின் ஒரு பகுதியையும் ஒழிவிலொடுக்கத்தையும் மலையாளமாக்கினார். நாகர்கோயிலை அடுத்த மருத்துவாழ் மலையில் பிள்ளைத்தடம் என்னும் குகையில் தவமிருந்தார். மலையிலிருந்து இறங்கி அலைந்தவர் இறுதியில் நெய்யாற்றங்கரைக் காட்டை அடைந்தார்.

ஈழவர் அக்காலத்துப் பெருங்கோயில்களுள் நுழைய இயலாது. தெய்வத்தை நிறுவும் உரிமையோ பிராமணர்க்கே உரியதாயிருந்தது. ஆதலின் அருவிப்புறச் செய்தி பரவியதும், எந்த உரிமையால் இதனைச் செய்தீர் என்று கேட்டனர். தாம் நிறுவியது பிராமணச் சிவன் அன்று என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார் என்பது வழக்கு. சாதிப் பிரிவும் மதப் பகையும் இன்றி யாவரும் உடன்பிறந்தாராய் வாழும் மாதிரி இடம் இது என்னும் பொருளில் அங்குச் செய்யுள் ஒன்றும் எழுதி வைத்தார்.

படைப்பு என்பது யாது என்று எண்ணுவோர் இவ்விடத்தில் சற்று நிற்றல் வேண்டும். அக்கல்லைச் செதுக்கியவர் அவரல்லர். ஆறு தேய்த்த கல் அது. சிவராத்திரியை வகுத்தவரும் அவரல்லர். மக்கள் வழிவழியாக விழித்திருந்த இரவு அது. எடுத்தது ஒரு கை, வைத்தது ஓர் இடம். அவ்வளவில் பழங்கல்லும் பழைய இரவும் வேறாயின. மணிமேகலை கற்ற நம்மவர்க்கு மற்றொரு நீர்நிலை நினைவுக்கு வரும். வைகாசி விசாக நன்னாளில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி எழுந்தது. எழுந்த பாத்திரம் பூசையில் அமரவில்லை, பசித்தோரை நாடிச் சென்றது.

அருவிப்புறத்திலும் அதுவே நிகழ்ந்தது. அமாவாசைதோறும் உணவளிக்க அங்கு வாவூட்டு யோகம் என்றொரு குழு தோன்றிற்று. அது வளர்ந்து 1903இல் ஸ்ரீ நாராயண தரும பரிபாலன யோகமாயிற்று. டாக்டர் பல்பு முன்னின்றார், கவி குமாரன் ஆசான் செயலாளரானார். சிரார்த்தம் செய்யேன் என்பது 1956இல் நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள் அடங்கும். முன்னோர்க்கெனப் பிண்டமிடும் நாளில் உயிருள்ளோர்க்குச் சோறிட்டு, உண்டோரைச் சங்கமாக்கிய இச்செயல் அவ்வுறுதிமொழிக்கு மாறானதன்று என்பது எம் எண்ணம்.

கல்லோடு அவர் நிற்கவில்லை. 1912இல் சிவகிரியில் கல்வித் தெய்வமாகிய சாரதை. காரமுக்கில் உருவத்துக்கு மாற்றாக ஒரு விளக்கு. முருக்கும்புழையில் வாய்மை, அறம், தயை, சாந்தி என்ற நான்கு பெயர்களைத் தாங்கிய பலகை. 1927இல் சேர்த்தலையை அடுத்த களவங்கோட்டில் ஒரு கண்ணாடி. தொழச் சென்றவன் தன் முகத்தையே கண்டான்! இனிக் கோயில் வேண்டா, பள்ளிகளே கோயிலாகட்டும் என்று 1917இலேயே அவர் அறிவுறுத்தியிருந்தார். ததாகதர் பரிநிருவாணம் எய்திய பின் நெடுங்காலம் நம் சிற்பிகள் அவர் உருவை வடிக்காமல், போதி மரம், தரும சக்கரம், பாத பீடிகை, வெற்றிருக்கை ஆகியவற்றால் உணர்த்தியதை அமராவதியிலும் சாஞ்சியிலும் காணலாம். அவர்கள் உருவம் வருமுன் நின்ற இடத்துக்கு, இவர் உருவங்களைக் கடந்து வந்து சேர்ந்தார்.

அவர் பௌத்தர் அல்லர். அங்ஙனம் உரிமை கொண்டாடுதல் வாய்மைக்குப் பொருந்தாது. அவர் குலத்தவருள் கோழிக்கோட்டு மிதவாதி கிருஷ்ணன் பௌத்தம் தழுவினார். மதம் மாறுதலே வழி என்றார். சண்டாலபிக்ஷுகியும் கருணையும் பாடிய குமாரன் ஆசானே அதனை 1923இல் கட்டுரை எழுதி மறுத்தார். பௌத்தக் கதையைத் தம் கவிதையில் ஏற்றவர் பௌத்தத்தைத் தம் மக்களுக்கு ஏலாதென்றது எமக்கு இன்றும் வருத்தந்தான். குருவோ, மதம் எதுவாயினும் மனிதன் நல்லவனாதல் வேண்டும் என்ற நிலையினின்று பெயரவில்லை. 1918இலும் 1926இலும் இலங்கை சென்றார். வெள்ளாடையே உடுத்திவந்தவர் முதன்முதல் காவி உடுத்தது அந்த முதற்பயணத்தில் என்பர். 1924ஆம் ஆண்டுச் சிவராத்திரியில் ஆலுவாயில் சர்வ மத மாநாடு கூட்டினார். பிற சமயங்களோடு பௌத்தமும் அம்மேடையில் எடுத்துரைக்கப்பட்டது. கல்லெடுத்த இரவுக்கும் இதற்கும் இடையே ஆண்டு 36.

ஆயினும், கண்ணாடி வைத்த அதே 1927இல் தலைச்சேரியில் அவருக்கே வெண்கலச் சிலை எழுந்தது. அப்போது அவர் உயிருடன் இருந்தார். 1928 செப்டம்பர் 20 அன்று சிவகிரியில் மறைந்தார்.

பாறசாலையிலிருந்து வடக்கே செல்லும் அன்பர்கள் நெய்யாற்றங்கரையில் இறங்கி அருவிப்புறம் செல்லலாம். சிவராத்திரி அங்கு இன்றும் ஆண்டு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. கூட்டத்தில் நின்று லிங்கத்தைக் காண விரும்பாதோர் படியிறங்கி ஆற்றைப் பார்க்கலாம். அதில் கற்களுக்குக் குறைவில்லை.